முடிந்த ஆட்டத்துக்கு ஒரு பதிகம்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், முந்திய இரவே முடிந்துபோன ஆட்டங்களைப் பார்ப்பது நெடுங்காலம் என் வழக்கமாக இருந்தது. என் மகன் அமெரிக்காவின் கீழ்நிலை லீக்குகளில் உதைபந்தாடிச் சீவித்த காலம் அது. அங்கே சனி மாலையில் தொடங்கும் ஆட்டம் இலண்டனில் நாங்கள் உறங்கும் வேளையில் நடந்து முடிந்துவிடும். நான் காலையில் குளித்து, திருநீறணிந்து, சுவாமி அறையில் ஓத வேண்டியவற்றை ஓதி முடித்த பின்னரே, குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் மடிக்கணினியைத் திறப்பேன். முடிவை எனக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மகன் தாய்க்கு அனுப்பிய செய்தியை என் மனைவி அதற்குள் வாசித்திருப்பார். ஆனாலும் வாய் திறவார். தேநீர்க் கோப்பையை அவர் மேசையில் வைக்கும் ஓசையிலிருந்தே எனக்குப் பாதி விளங்கிவிடும்.

பந்து எங்கள் கோலை நோக்கி வரும்போதெல்லாம் என் உதடுகள் தாமாக அசையும்.

"இஞ்சாருங்கோ," என்பார் மனைவி. "அது ராத்திரியே முடிஞ்ச மச். இப்ப ஆருக்குப் பதிகம் படிக்கிறியள்? முருகனும் உங்களோட இருந்து றீப்ளேயே பாக்கிறார்?"

அவருக்கு நான் விடை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இவ்வாறு சொல்லியிருப்பேன்: நாங்கள் பாடுவன யாவும் முடிந்த செயல்களே. முப்புரம் எரிந்தாயிற்று. ஆலகால நஞ்சை அருந்தியாயிற்று. ஆயினும் அவற்றை இன்று காண்பவர்போல நெஞ்சு நடுங்கிப் பாடுகிறோம். முடிந்ததற்காக நடுங்கலாம் என்பதை நான் அந்தப் பாடல்களிலிருந்துதான் கற்றேன். நேற்றைய ஆட்டத்துக்காக இன்று நடுங்கியதும் அந்தப் பழக்கத்தினால்தான்.

மகன் பின்கள வீரன். கோலுக்கு முன்னே நின்று, வருவதைத் தடுப்பது அவன் தொழில். இவ்வூர்க் கழகமொன்றின் பயிற்சிப் பாசறையில் சிறுவயதிலிருந்தே இருந்தவனைப் பதினெட்டு வயதில் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்று விளையாட்டுக்காக இடம் கொடுத்தது. படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டாந்தர, மூன்றாந்தர லீக்குகளில் ஊருக்கு ஊர் மாறி விளையாடலானான். அவன் இருந்த கழகங்களில் சில இன்று இல்லை. ஒன்று பருவத்தின் நடுவிலேயே மூடப்பட்டது. உடுப்புகளை எடுக்கப்போன இடத்தில் கதவுப் பூட்டு மாற்றப்பட்டிருந்ததாம்.

எங்கள் கோயிலில் எவருக்கும் அந்த அணிகளின் பெயர் தெரியாது.

"அண்ணை, மகன் எந்த ரீம்?" என்று கேட்பார்கள். சொல்வேன்.

"அது ரீவியில காட்டுறேல்லையோ?"

"கொம்பியூட்டரில காட்டுவினம்."

"ஓ," என்பார்கள். அந்த 'ஓ'வை நான் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். "நல்லா விளையாடுறாரோ?" என்பது அடுத்த கேள்வி. "நல்லா விளையாடுறார்" என்பது என் மாறாத விடை.

அவன் நன்றாகவே விளையாடினான். ஆனால் பின்களத்தில் நிற்பவன் நன்றாக விளையாடியதற்குச் சான்று எதுவும் மிஞ்சுவதில்லை. கோல் அடித்தவனின் பெயர் பலகையில் வரும். தடுத்தவனுக்கு வருவது புருவத்தில் தையல். நேர்முக வர்ணனையாளர் என் மகனின் பெயரை முழுமையாகச் சொல்ல ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்வார்; அதையும் அவன் தவறு செய்த இடத்தில்தான் சொல்வார். மற்ற வேளைகளில் அவன் திரையின் ஓரத்தில் கையை நீட்டி, மற்றவர்களை இடம் மாற்றி நிறுத்திக்கொண்டு, பெயரின்றி நின்றான். நஞ்சை உள்ளேயும் விடாமல் வெளியேயும் விடாமல் மிடற்றிலே நிறுத்திய பெருமானின் வேலை இதுதானே என்று எனக்குத் தோன்றும். வயிற்றுக்குப் போகாத நஞ்சைப் பற்றி வயிறு என்ன அறியும்?

ஒருமுறை அங்கே போயிருந்தேன். தெற்கே, ஈரவெக்கை மிகுந்த ஒரு நகரம். பேஸ்போல் விளையாடும் மைதானத்தைத்தான் உதைபந்துக்கும் கொடுத்திருந்தார்கள். செம்மண் கிடந்த பகுதிக்கு மேல் புல்லைப் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்திருந்தார்கள். இரண்டு பாய்கள் கூடும் பொருத்தில் கால் மாட்டும். என் மகன் காவல் நிற்க வேண்டிய இடம் அந்தப் பொருத்தின்மேல் இருந்தது. தொண்ணூறு நிமிடமும் நான் பந்தைப் பார்க்கவில்லை; பொருத்தைப் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து, இன்னும் மூவருடன் அவன் பங்கிட்டு வாழ்ந்த வீட்டுக்குப் போனோம். குளியலறையில் பெரிய குப்பைவாளி ஒன்று இருந்தது. அதற்கென்றே புதிதாக வாங்கியதாம். கடையிலிருந்து வாங்கிய பனிக்கட்டிப் பைகளை அதில் கொட்டித் தண்ணீர் நிறைத்து, இடுப்பளவுக்கு உள்ளே இறங்கி நின்றான். நான் கதவுக்கு வெளியே நடைவழியில் கதிரை போட்டு இருந்தேன்.

"அப்பா, ஒண்டு படியுங்கோ," என்றான் உள்ளேயிருந்து.

"என்னத்தை?"

"எதெண்டாலும். லோங்கா இருக்கோணும். போன் பாத்தா டைம் போகாது."

பண்ணோடு ஒரு பதிகத்தை முழுமையாக ஓதினேன். பதினொரு பாட்டும் முடிந்தபோது உள்ளே தண்ணீர் சலசலத்தது. "பேர்பெக்ட்," என்றான் பற்கள் கிட்டியபடி. "இதுதான் சரியான டைம்." சிறுவயதில் கோயில் வகுப்பில் ஐந்தாம் பாட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தவன் அவன். அடியார்கள் ஊர் ஊராகச் சென்று உருகிப் பாடியது, முழங்கால் வீக்கம் வடியும் நேரத்தை அளக்கப் பயன்பட்டதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. உடம்பு நொந்தவனுக்கு உதவாத பாட்டு வேறெதற்கு?

அந்த லீக்குகளில் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பருவம் முடிந்தபின் கழகம் சொல்லும். வேண்டாம் என்றால் வேலையோடு விசாவும் போய்விடும். அந்தச் சொல் வருவது பெரும்பாலும் எங்களுக்குக் கந்தசட்டி வரும் நாட்களில். தீபாவளி கழிந்து ஆறு நாள் விரதம் இருப்பேன். பகலில் வெறும் தண்ணீர், மாலையில் கோயில் பூசை முடிந்தபின் பாலும் பழமும். இது மகன் பிறக்குமுன்னரே தொடங்கிய விரதம். ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் வந்ததால் ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது.

"அண்ணை, உங்கட விரதம்தான் பெடியனை அங்க வைச்சிருக்கு," என்பார் அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் நண்பர்.

நான் மறுத்ததில்லை. எங்களிடம் ஒரு மரபு உண்டு. நேர்ந்துகொண்டது நிறைவேறுமட்டும் அதை வெளியே சொல்லக்கூடாது. என்ன கேட்டாய் என்று மற்றவரும் வினவக்கூடாது. மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை; அவரும் கேட்டதில்லை. ஆனால் தொலைபேசியில் மகனிடம் ஆண்டுதோறும், "அப்பா உனக்காகப் பட்டினி கிடக்கிறார், ஞாபகம் வைச்சிரு," என்று சொல்லத் தவறமாட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அணி இறுதிக்கட்டப் போட்டிகளின் முதற்சுற்றோடு வெளியேறிவிட்டதால், தீபாவளிக்கு முன்னரே மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். கந்தசட்டியின்போது அவன் எங்களுடன் இருந்தது பதின்பருவத்துக்குப் பின் அதுவே முதன்முறை. முப்பத்துமூன்று வயது. கழகம் இன்னோர் ஆண்டு தருவதாகச் சொல்லியிருந்தது. சூரன்போருக்கு மறுநாளுக்குள் விடை சொல்ல வேண்டும். அவனுடைய வலது முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துவிட்டதென்றும், இன்னோர் ஆண்டு ஓடினால் பிறகு நடப்பதற்கே சிரமப்படலாம் என்றும் அங்குள்ள வைத்தியர் சொல்லியிருந்தார். இதை அவன் தாயிடம் சொன்னான்; தாய் என்னிடம் சொன்னார். அவனும் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாடிப்படியில்தான் அதைக் கண்டேன். காலையில் அவன் இறங்கிவரும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கினான். எழுபதைத் தாண்டிய நானும் அவ்வாறே இறங்குகிறவன். அவன் முன்னும் நான் பின்னுமாக இறங்குவதைக் கீழே நின்ற மனைவி பார்த்தார்.

"ரெண்டு கிழவன்மாரையும் வைச்சு நான் என்ன செய்யிறது," என்றார். "ஆர் முந்தி வாறியளோ அவைக்குத்தான் சுடுதண்ணி."

"அம்மா, நான் ஒரு புரொபெஷனல் அத்லீட்," என்றான் மகன்.

"ஓம், தெரியுது. கைப்பிடியை உடைச்சுப்போடாத."

சிரித்தோம். ஆனால் அன்று பகல் முழுவதும் வெறும் வயிற்றில் அந்தக் காட்சி என்னோடு இருந்தது. என்ன முடிவு எடுத்தான் என்று தாய் கேட்டபோது, "பாப்பம், யோசிக்கிறன்," என்று மட்டும் சொன்னான். என் விரதத்தை அவன் மிகுந்த மரியாதையோடு பார்த்தான். நான் தண்ணீர் அருந்தினால் எழுந்து இடம் விட்டான். தன் சாப்பாட்டுத் தட்டைக் குசினிக்குள் கொண்டுபோய் நின்றபடியே உண்டான். அது எனக்காகச் செய்யும் மரியாதை என்றே நினைத்தேன்.

ஆறாம் நாள் பிற்பகல், கோயில் வாகனத் தரிப்பிடத்தில் சூரன்போர். நவம்பர்த் தூறல். சூரனின் பெரிய மரவுருவை நீண்ட தடிகளில் கட்டி, இளைஞர்கள் தோளில் காவி, முருகனை நோக்கி ஓடுவதும் பின்வாங்குவதுமாகப் போர் நிகழ்த்துவது வழக்கம். சூரனைக் காவுவோர் நன்றாக ஓடினால்தான் போர் போர்போல இருக்கும். தோற்கப்போகிறவனைத்தான் அதிகம் பேர் சேர்ந்து, அதிகம் வருந்திக் காவ வேண்டும். அவ்வாண்டு காவ ஆள் குறைவு. பொறுப்பாக நின்றவர் மரக்கறிக் கடை நண்பர். கூட்டத்துக்கு மேலே தெரிந்த என் மகனின் தலையைக் கண்டுவிட்டார்.

"அண்ணை! புட்போல்காரரை ஒளிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறியள். தம்பி, வாங்கோ, முன்தடிக்கு ஆள் காணாது. போன வருஷம் எங்கட சூரன் பஸ்ஸுக்கு நிண்ட மாதிரி நிண்டவர். இந்த முறை ஒருக்கா ஓடட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகன் என்னைப் பார்க்கவில்லை. அழைக்கப்பட்டால் போவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. எந்தப் பயிற்றுநர் எந்த ஊரில் கைகாட்டினாலும் எழுந்து ஓடியவன். மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்தான். ஈரத் தார்த்தரையில் இரண்டு அடி வைத்தான். இரண்டாம் அடியில் வலது பாதம் தரையைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கியதைக் கண்டேன். அந்தத் தயக்கத்தை நான் ஞாயிறு காலைகளில் திரையில் பல மாதங்களாகக் கண்டு, காணாததுபோல ஓதிக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு ஏலாது," என்றேன்.

என் குரல் நான் எண்ணியதைவிட உரத்துவிட்டது. பதிகம் ஓதிப் பழகிய தொண்டை.

"என்னண்ணை?"

"அவருக்கு ஏலாது. முழங்கால் தேஞ்சு போச்சு. இனி ஓட ஏலாது. வேற ஆளைப் பாருங்கோ."

மேளம் நின்றிருந்த இடைவெளி அது. எல்லோருக்கும் கேட்டது. அத்தனை ஆண்டுகளும் 'நல்லா விளையாடுறார்' என்று நான் சொல்லிவந்த அதே முகங்கள் திரும்பிப் பார்த்தன. நண்பர் கையை இறக்கினார். "அப்ப சரி, சரி. தம்பி நீங்கள் நில்லுங்கோ, மழை நனையாதேங்கோ," என்று தன் குடையையும் அவனிடம் நீட்டிவிட்டு வேறொருவரைத் தேடிப் போனார்.

மகன் திரும்பி வந்தான். கோபிப்பான் என்று காத்திருந்தேன். மேலங்கியை வாங்கி மெதுவாக அணிந்துகொண்டு, குடையை இருவருக்கும் நடுவே பிடித்தபடி நின்றான். சூரன் அவ்வாண்டும் அதிகம் ஓடவில்லை. தலைக்கு மேல் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு படபடக்க, தள்ளாடித் தள்ளாடி வந்தான், தலை மாறினான், வேல் பட்டு வீழ்ந்தான். சேவலும் மயிலுமானான். "அரோகரா" என்று நாங்கள் கை குவித்தபோது மகனின் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. முழுப் பாரத்தையும் இடது காலில் இறக்கி நின்றிருந்தான்.

வீடு திரும்பும்போது மனைவி கார் ஓட்டினார். நான் முன்னே. மகன் பின்னிருக்கையில் காலை நீட்டியிருந்தான்.

"அப்பா."

"ம்."

"ஏலாது எண்டு சொன்னீங்கள்."

"ஏலாதுதானே?"

"ஓம்." முழங்காலை நீவினான். "நான் இண்டைக்கு ஓகே எண்டு மெசேஜ் அனுப்ப இருந்தனான். இன்னும் வன் இயர்."

"உனக்கு விருப்பமோ?" என்றார் தாய், கண்ணாடியில் பார்த்து.

"விருப்பம் எல்லாம் எப்பவோ முடிஞ்சுது அம்மா. நாலு வருஷமா நிப்பாட்டுவம் எண்டுதான் யோசிக்கிறன். ஆனா ஒவ்வொரு நவம்பரும் நீங்கள் சொல்லுவீங்கள், அப்பா பட்டினி கிடக்கிறார் எண்டு. ஒரு மனுசன் எனக்கு கொன்ராக்ட் கிடைக்கோணும் எண்டு சாப்பிடாம இருக்கேக்க, அது கிடைச்சாப் பிறகு நான் எப்படி நோ சொல்லுறது?"

மரபு என்ன சொல்கிறது என்பதை நான் அறிவேன். பாரணை மறுநாள் காலையில்தான். விரதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் சொன்னேன்.

"நான் கொன்ராக்ட் கேக்கேல்ல."

"என்ன?"

"ஒருநாளும் கேக்கேல்ல. உன்ர காலைத்தான் கேட்டனான். கால் பழுதாகாமல் வீட்ட வந்து சேரோணும் எண்டு."

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அழுகைக்கு மிக அருகில் இருந்த சிரிப்பு. "அப்ப முருகன் ஓடரை மாத்திக் குடுத்திட்டார் அப்பா. நீங்கள் கேட்டது ஒண்டு, வந்தது வேற."

"அவரில ஏன் பிழை சொல்லுறாய்?" என்றார் மனைவி. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருந்தார். "தகப்பனும் மகனும் வாயைத் திறந்து கதைச்சால்தானே அவருக்கும் விளங்கும். என்னட்டையாவது சொல்லியிருக்கலாம். நானும் ஒரு விசரி மாதிரி வருஷா வருஷம் போன் எடுத்து..." பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். மனைவி முடிக்காமலே காரை எடுத்தார்.

அன்று மாலை பாலைக் கையில் எடுத்தபோது எனக்குப் பசி இருக்கவில்லை. பெரும் களைப்பு மட்டும் இருந்தது. நான்கு ஆண்டுகளின் பேருந்துப் பயணங்கள், பனிக்கட்டி வாளிகள், பொருத்து விலகிய புல்வெளிகள் எல்லாம் எனக்காக நடந்திருக்கின்றன. அவற்றினின்று அவனைக் காக்குமாறு நான் அதே நாட்களில் பட்டினி கிடந்திருக்கிறேன். கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் அடக்கம் என்று எங்களுக்குக் கற்பித்தவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. இறைவனிடம் எதையும் கேளாது நிற்பதே மேலான அன்பு என்று ஓதியிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடமும் கேளாது நிற்க வேண்டும் என்று எந்தப் பாட்டிலும் ஓதியதாக நினைவில்லை.

மறுநாள் காலைப் பாரணைக்கு மனைவி மரக்கறிகள் பலவும் சமைத்திருந்தார். மூவரும் குசினி மேசையில் அமர்ந்தோம். அவன் முதல் கவளத்துக்கு முன் தொலைபேசியை எடுத்து, நீண்ட செய்தியொன்றை எழுதி, எங்களுக்கும் வாசித்துக் காட்டி, பயிற்றுநருக்கு அனுப்பினான். அங்கே விடியவில்லை, விடை மாலையில்தான் வந்தது. உயர்த்திய பெருவிரலின் படம் ஒன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை.

"அவ்வளவுதானோ?" என்றார் தாய்.

"டிபெண்டருக்கு அதுவே அதிகம் அம்மா," என்றான்.

இப்போது அவன் இலண்டனின் வடபகுதியான எட்மண்டனில் ஒரு பாடசாலையில் விளையாட்டுத் துறையில் வேலை செய்கிறான். படிகளில் நேராகவே இறங்குகிறான். ஆனால் கைப்பிடியை விடுவதில்லை. கால் முழுமையாக மீளவில்லை. நான் கேட்டதில் எவ்வளவு கிடைத்தது என்பதை அளந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

சில ஞாயிறுகளில் வருவான். வந்தால் சோபாவில் காலை நீட்டி, குளிர்பெட்டியிலிருந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொள்வான். சென்ற மாதம் ஒருநாள் நான் பழக்கத்தால் மடிக்கணினியைத் திறந்து, பார்க்காமல் விட்டிருந்த பழைய ஆட்டமொன்றை ஓடவிட்டேன். அந்தத் தெற்கத்தைய மைதானம். பொருத்துப் புல். திரையின் ஓரத்தில் அவன் கையை நீட்டி நின்றான்.

"இதில நாங்கள்..." என்று தொடங்கினான்.

"சொல்லாத," என்றேன்.

சொல்லவில்லை. "அப்ப ஒண்டு படியுங்கோ. ஐஸ் வைச்சிருக்கிறன்," என்றான் கண்ணை மூடி. குசினியிலிருந்து மனைவியின் குரல் எதுவும் வரவில்லை. நான் தாழ்ந்த குரலில் ஓதத் தொடங்கினேன். ஏழாம் பாட்டுக்குள் அவன் உறங்கிவிட்டான். பட்டாணிப் பை சரிந்து விழாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிகுதிப் பாட்டுகளையும் ஓதி, ஆட்டம் முடியுமட்டும் அவனைக் காவல் காத்திருந்தேன்.